சிரிப்புக்குப் போட்ட நாற்காலி

அத்தியாயம் 11

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நெவில் சற்று நிறுத்தினான். அந்த நிறுத்தத்தில்தான் ரோடாவுக்குச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அவள் சமையலறையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. வெளியே, நிலக்கரிக் கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் நெவிலும் அவனுடைய பள்ளிக்கூடத்து நண்பன் வில்ஃபும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"அபர்டீனுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்ட. அப்புறம் என்ன? யாராவது பொண்ணு மனசுல இருந்தாலும் சொல்லாம கிளம்பிடுறதுதான்டா மரியாதை" என்றான் நெவில். "வீட்டக் காலி பண்ணும்போது எவனாவது புது சோபா வாங்குவானா?"

சொல்லிவிட்டு முகவாயை இடது பக்கமாக லேசாகத் தூக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வில்ஃப் சிரிக்கவில்லை. பூட்ஸ் முனையால் ஒரு கரித்துண்டை உருட்டினான்.

"சரிடா" என்றான்.

ரோடாவின் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர்கள் ஊரான சால்ஃபோர்டில் அவள் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. நெவில் என்ட்விசில் என்றால் சிலர் யோசிப்பார்கள். லென் என்றால் குழந்தைகூடக் கையசைக்கும். தொலைக்காட்சியில் ஏழு வருடமாக ஓடும் 'ஒண்டுக்குடித்தனம்' நகைச்சுவைத் தொடரில் அவன்தான் லென். பெர்சி என்ற கூச்ச சுபாவக்காரனோடு ஒரே அறையில் குடியிருப்பவன். ரொட்டிக் கடைக்கார விதவை மீது பெர்சிக்குக் காதல். லெனுக்கும் அவள் மீது ஒரு கண் உண்டு. ஆனால் பெர்சி ஒவ்வொரு வாரமும் யோசனை கேட்க, லென் ஒவ்வொரு வாரமும் நண்பனுக்கு எது நல்லதோ அதை மட்டும் சொல்லுவான். ஒரு தடவைகூடத் தன் பக்கம் சாய்த்துச் சொன்னதில்லை. அதற்காகத்தான் நாடு லெனை நேசித்தது.

அந்த ஏழு வருடமும் நெவிலுக்கு வசனம் மனப்பாடம் செய்ய உதவியவள் ரோடாதான். சமையலறை மேசையில் அவள் பெர்சியின் வரிகளைப் படிப்பாள், அவன் லெனாகப் பதில் சொல்லுவான். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பொதுமக்கள் முன்னிலையில் பதிவாகும் தொடர் அது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது.

அந்த நிறுத்தம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா சிரில் ஒரு காலத்தில் லங்காஷயரின் தொழிலாளர் கிளப்புகளில் மேடையேறி மக்களைச் சிரிக்கவைத்தவர். "சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சுடணும்" என்பார்.

ரோடாவுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். தானாக வாயில் வரும் வேடிக்கைக்கு நெவிலே முதலில் சிரித்துவிடுவான். முன்கூட்டியே யோசித்து வைத்த வரிக்குத்தான் நாற்காலி போடுவான்.

அந்தச் சோபா தயார் செய்த சோபா. இந்த வார வசனத்தில் சோபாவே கிடையாது. வசனம் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

தன் உயிர் நண்பனிடம் பேசுவதற்கு ஒருவன் எதற்காக வசனம் தயார் செய்கிறான்?

பின்கதவு திறந்தது. வில்ஃப் உள்ளே வந்து ஒரு காகிதப் பையை மேசையில் வைத்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். இரவு வேலை முடிந்து வெள்ளிக்கிழமைகளில் வரும்போது மாவு தூவிய உருண்டை ரொட்டிகளும் அப்பாவுக்குக் குதிரைப் பந்தயப் பத்திரிகையும் வாங்கிவருவான்.

"ரொட்டி சூடா இருக்கு" என்றான்.

"உக்காரு. டீ ஊத்துறேன்."

"இல்ல ரோடா. டிப்போவுல ஆள் கம்மி. மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க."

"இப்பதான வேலை முடிஞ்சு வந்த?"

"ஆமா" என்றான். மேசையின் மூலையைப் பார்த்தபடி நின்றான். "சாயங்காலம் வண்டி கொண்டுவர்றேன். அப்பாவ ஏத்திக்கலாம்." போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் டீ குடிக்காமல் போனதே இல்லை.

வட கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்று அவனை வடக்கே வெகு தூரத்திலிருக்கும் அபர்டீனுக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். போன வாரம் இதே மேசையில் அவன் அதைச் சொன்னபோது ரோடா "நல்ல விஷயம்" என்று சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. முப்பத்துமூன்று வயதில், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தானாகக் கேட்டுவிட முடியாத கேள்வி அது. அவன் ஒரு வார்த்தை கேட்டால் அவள் அபர்டீனுக்கு நடந்தே போவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, அப்பாவுக்குத் தலை துவட்டும்போது வாய்விட்டுச் சொன்னாள். அப்பா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

நெவில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன ஆச்சு இவனுக்கு? டீகூடக் குடிக்காம ஓடுறான்."

"நீதான் சொல்லணும். வெளிய ரெண்டு பேரும் என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஃபுட்பால்."

"இது ஜூன் மாசம். சீசன் முடிஞ்சு போச்சு."

"அதான். முடிஞ்சு போச்சேன்னு பேசிட்டிருந்தோம்" என்றவன், சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிட்டான்.

அது அப்போதே பிறந்த பொய். ரோடா அதை ஒரு பக்கம் வைத்தாள். தயார் செய்த வரிதான் அவளுக்கு வேண்டும்.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும். மறதியும் சேர்ந்துகொண்டது.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளிப்பா" என்று ரோடா குரல் கொடுத்தாள். "சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போறோம். நெவில் நடிக்கிறான்ல?"

"எந்த நெவில்?"

நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். ரோடா மறுபடி பாத்திரத்தைத் தேய்க்கத் திரும்பினாள்.

நெவில் போன பிறகு அப்பாவின் கால்மேல் கம்பளியை இழுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மிஸஸ் கிரிம்ஷா பகலில் எட்டிப் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாடு ரோடா இருக்கும்வரைதான் நடக்கும். ரோடா போய்விட்டால்? நெவிலுக்கு டிட்ஸ்பரியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. தரை முழுக்க வெள்ளைக் கம்பளம். விருந்தாளிகள் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கம்பளத்தின் நடுவில் அப்பாவையும் அவருடைய பைப்பையும் சாம்பலையும் அவள் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தாள்.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு துளியைப் பார்த்துவிட்டு யாரும் முடிவு எழுதுவதில்லை. இன்னொரு துளி எடுத்துப் பார்ப்பார்கள். மதியம் நெவில் மறந்துவிட்டுப் போன படிக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டூடியோவுக்கு பஸ் ஏறினாள்.

கேன்டீனில் ஒத்திகைக்கு நடுவே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நெவில் லெனின் பழுப்பு ஸ்வெட்டரில் இருந்தான். தட்டில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை'யும் பட்டாணியும். பரிமாறும் மிஸஸ் ஆலரன்ஷா குழம்புக் கரண்டியோடு அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"லென், என் சின்னவளுக்கு ரெண்டு பேர் சுத்துறானுங்க. ஒருத்தன் தபால் ஆபீஸு. இன்னொருத்தன் கார் விக்கிறான். நீ என்ன சொல்ற?"

"எவன் பாத்திரம் கழுவுறானோ அவனக் கட்டிக்கச் சொல்லுங்க."

முகவாய் இடது பக்கம் போனது. கேன்டீன் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவன் அசையவில்லை.

"பாத்தியா?" என்று மிஸஸ் ஆலரன்ஷா ரோடாவிடம் சொன்னாள். "ஊருக்கே யோசனை சொல்றவன் உன் அண்ணன். இவன் பேச்சக் கேட்டுத்தான் என் தங்கச்சி ரெண்டாவது கல்யாணமே பண்ணிக்கிட்டா."

"நல்லா இருக்காங்களா?"

"அந்தாளு கொஞ்சம் குடிப்பான். அது லெனோட தப்பு இல்லயே."

அவள் நகர்ந்ததும் ரோடா கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுக்காகவா பஸ் புடிச்சு வந்த?" என்றான் நெவில். "எனக்குத்தான் வசனம் மனப்பாடமாச்சே."

"வில்ஃப் என்ன முடிவு பண்ணியிருக்கான்?"

"போறான். போகட்டுமே. இந்த வயசுல இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?"

"உன்கிட்ட யோசனை கேட்டானா?"

"எல்லாரும் என்கிட்டதான் கேக்குறாங்க. இப்பதான பாத்த?"

"நான் வில்ஃபப் பத்திக் கேட்டேன்."

நெவில் 'மீட் பை'யின் மேலோட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"ரோடா, நீ படுற கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஆனா அப்பாவ உன்ன மாதிரி யாரு பாத்துப்பா? அவர முதியோர் இல்லத்துல விட்டா ஒரே வாரத்துல அங்க இருக்கற கெழவனுங்க எல்லாம் மூட்டையக் கட்டிட்டு அவங்கவங்க வீட்டுக்கு ஓடிருவானுங்க."

முகவாய் மேலே போனது. இடது பக்கம். மூச்சைப் பிடித்தபடி அவன் காத்திருந்தான்.

இரண்டாவது துளி.

ரோடா மெதுவாகக் கேட்டாள்: "முதியோர் இல்லத்தப் பத்தி யாரு பேசினா?"

"என்ன?"

"நான் வில்ஃபப் பத்திக் கேட்டேன். அவன் அபர்டீன் போறதுக்கும் அப்பா முதியோர் இல்லத்துக்குப் போறதுக்கும் நடுவுல என்ன இருக்கு நெவில்?"

அவன் காது மடல்கள் சிவந்தன. சின்ன வயதிலிருந்தே அந்தக் காதுகளுக்கு நடிக்கத் தெரியாது.

"சும்மா... பேச்சுவாக்குல வந்துச்சு."

"பேச்சுவாக்குல வந்தா நீ முதல்ல சிரிச்சிருப்ப."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் காதில் ஒலிக்கருவி மாட்டிய தள மேற்பார்வையாளன் ரோனி கதவருகே நின்று கையைத் தட்டினான். "லென், பெர்சி, உள்ள வாங்கப்பா." நெவில் எழுந்தான். கண்ணாடியை எடுக்காமலே போனான்.

பஸ்ஸில் திரும்பும்போது ரோடா ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அண்ணனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வில்ஃப் போனால் அவளும் போகலாம் என்பது தெரிந்திருக்கிறது. யார் சொல்லியிருப்பார்கள்? வில்ஃப்தான் சொல்லியிருக்க வேண்டும். வில்ஃப் அவளைப் பற்றி நெவிலிடம் யோசனை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், வில்ஃபின் மனதில்...

கோபத்துக்கு நடுவில் இப்படி ஒரு சந்தோஷம் எட்டிப் பார்ப்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வில்ஃப் டிப்போவிலிருந்து கடன் வாங்கிய வேனில் அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனான். அப்பா நீல நிறக் கோட்டும் கிளப் நாட்களின் டையும் கட்டியிருந்தார். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் அப்பா, அடுத்து ரோடா, அதற்கடுத்து வில்ஃப். வில்ஃப் கையை அவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

முன்னால் இரண்டு கட்டில் போட்ட வாடகை அறை, பக்கத்தில் ரொட்டிக் கடை, நடுவில் நகரும் கேமராக்கள். முதல் பாதி நன்றாகவே போனது. நெவில் ஒரு வரிகூடத் தவறவிடவில்லை. அவன் முகவாய் தூக்கியபோதெல்லாம் சிரிப்பு சொல்லிவைத்தாற்போல் வந்து உட்கார்ந்தது.

அடுத்த காட்சிக்காக ரொட்டிக் கடையில் சாமான்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணை மூடியிருந்தார். ரோடா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நெவில்கிட்ட யோசனை கேட்டியாமே" என்றாள். முன்னால் இருந்த கேமராவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நானா?" என்றான் வில்ஃப். "நான் எங்க கேட்டேன்?"

"கேக்கலயா?"

"அவனாத்தான் வந்தான். புதன்கிழமை டிப்போவுக்கே வந்துட்டான். நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கேன். ஷூ மட்டும் தெரியுது. இவ்ளோ பளபளப்பா டிப்போவுல யாரு ஷூ போடுறான்னு பாத்தா, இவன். குனிஞ்சு 'டேய், மனசுல யாராவது பொண்ணு இருக்காளா'ன்னு கேக்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் இல்லன்னேன்."

ரோடா பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

வில்ஃப் கட்டைவிரல் நகத்தைச் சுரண்டினான். "பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு வேற என்ன சொல்றது ரோடா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து சிவந்திருந்தது.

"இன்னிக்குக் காலைல மறுபடியும் ஆரம்பிச்சான்" என்றான். "சோபா கீபான்னு என்னவோ சொன்னான். அவன் எப்பவும் எனக்கு நல்லதுதான சொல்லுவான். அதான் சரின்னுட்டேன்."

விளக்குகள் மங்கின. ரோனி கையை உயர்த்தினான். அரங்கம் அமைதியானது.

இந்த வாரக் கதையில் ரொட்டிக் கடை விதவை கடையை விற்றுவிட்டு பிளாக்பூலுக்குப் போகிறாள். பெர்சி கட்டிலில் தொப்பியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். போகட்டும் என்று விடுவதா, சொல்லிவிடுவதா என்று கேட்கிறான். லென் சொல்ல வேண்டிய வரி ரோடாவுக்குத் தெரியும்: 'சொல்லிடு பெர்ஸ். அவ ரயில் ஏறினப்புறம் யார்கிட்ட சொல்லுவ? கெட்டில்கிட்டயா?'

"சொல்லிடு பெர்ஸ்" என்றான் நெவில். "கெட்டில் ரயில் ஏறினப்புறம்..."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நடிகர்கள் வரி தவறுவது இங்கே வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். நெவிலும் கெட்டிலைத் தூக்கிக் காட்டி அதற்கு டாட்டா சொன்னான். மறுபடி சிரிப்பு. ரோனி விரலைச் சுழற்றினான். திரும்பவும் முதலிலிருந்து.

பெர்சி தொப்பியைப் பிசைந்தான். கேள்வியைக் கேட்டான்.

"சொல்லிடு..." என்றான் நெவில்.

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றான். இருமினான். ஜனங்கள் இதற்கும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் "கண்ணாடியப் போட்டுக்க லென்" என்று கத்தினாள்.

ரோடா சிரிக்கவில்லை. ஏழு வருடத்தில் அவள் அண்ணன் ஒரே வரியை இரண்டு தடவை தவறவிட்டு அவள் பார்த்ததில்லை. சமையலறை மேசையிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

மூன்றாவது தடவை பெர்சி கேட்டதும் நெவில் உடனே பதில் சொல்லவில்லை. பெர்சியின் தலைக்கு மேலே, கேமராக்களைத் தாண்டி, இருட்டைப் பார்த்தான். மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

"சொல்லிடு" என்றான். "அவ போனப்புறம் யார்கிட்ட சொல்லுவ?"

முகவாயைத் தூக்கவில்லை. காத்திருக்கவில்லை. கெட்டிலையும் சொல்லவில்லை. திரும்பி, கதவைத் திறந்துகொண்டு காட்சியைவிட்டு வெளியே போய்விட்டான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு இருக்கை கிரீச்சிட்டது.

ரோனி காதில் வந்த குரலைக் கேட்டுத் தலையாட்டினான். "நெவ், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சிரிப்பே வரல. இன்னொரு தடவ போயிடலாம்."

நாலாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. ரயில் வந்தது, கெட்டில் வந்தது, முகவாய் இடது பக்கம் போனது, அரங்கம் அதிர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்போகிறவர்களுக்கு இதுதான் கிடைக்கும்.

மூன்றாவது தடவை சொன்னது யார்? அண்ணனா, லெனா? அல்லது மாட்டிக்கொண்டுவிட்டோம் என்று தெரிந்த நடிகன் மூன்றாவது வரிசைக்காகப் போட்ட நாடகமா? ரோடாவால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு துளிதான் இருக்கிறது.

பக்கத்தில் வில்ஃப் நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தியிருந்தான்.

"ரோடா."

"ம்."

"ஞாயித்துக்கிழமை ஹீட்டன் பார்க்ல பேண்டு வாசிக்கிறாங்களாம்."

"அப்படியா?"

"அப்பாவக் கூட்டிக்கிட்டு வரலாம்." எச்சில் விழுங்கினான். "கூட்டிக்கிட்டு வராமயும் வரலாம்."

"வர்றேன்" என்றாள் ரோடா. கேட்டதா என்று தெரியாததால் இன்னொரு தடவை சொன்னாள். "வர்றேன் வில்ஃப்."

அவன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்ததுபோல இருந்தது.

கீழே விதவை ரொட்டிக் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பெர்சி ஓடி வந்துகொண்டிருந்தான். ரோடாவின் கண் அங்கே இருந்தது. மனம் மட்டும் ஒரு இடத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

வில்ஃப் நெவிலிடம் சொல்லவில்லை. யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் நெவிலுக்கு எப்படித் தெரிந்தது? புதன்கிழமை பளபளக்கும் ஷூவோடு டிப்போவுக்கு அவனை அனுப்பியது யார்?

அவள் அதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். ஈரத் துண்டும் கையுமாக, தூங்கிக்கொண்டிருந்த ஒரு தலைக்கு மேலே.

சோபாவும் ஞாபகம் வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடும் கிழவர்களும் ஞாபகம் வந்தார்கள். 'ஒண்டுக்குடித்தன'த்துக்கு எழுதுகிறவர்கள் யாரும் இப்படி எழுதமாட்டார்கள். இதெல்லாம் புகை மண்டிய கிளப்பில் பியர் கிளாஸ் வைத்திருப்பவர்களிடம் சொல்கிற ரகம். சின்ன வயதில் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவளும் நெவிலும் கேட்டு வளர்ந்த ரகம்.

ரோடா வலது பக்கம் திரும்பினாள்.

அப்பாவின் கண் திறந்திருந்தது. எப்போது திறந்தார் என்று அவளுக்குத் தெரியாது. மேடையைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா, வில்ஃபப் பத்தி நான் சொன்னத நெவில்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

அப்பா மெதுவாகத் திரும்பினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. வயதானவர்களுக்கு எப்போதும் கோத்திருக்கும் நீர்தான்.

"வில்ஃபா?" என்றார். "என் பல்செட்டு எங்கன்னே எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல கண்ணு. வாய்க்குள்ளதான்ப்பா இருக்குன்னு நீ சொன்னாத்தான் தெரியுது."

குழறல் இல்லாமல், ஒரு சொல்கூடச் சிந்தாமல் சொன்னார்.

பிறகு அந்தக் கோணிய முகத்தில் முகவாய் இடது பக்கமாக, லேசாக மேலே போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ரோடா சிரிக்கவில்லை. அப்பாவும் நாற்காலியை எடுக்கவில்லை. காத்திருந்தார். அவருடைய நல்ல கை மட்டும் இருட்டில் அவள் ஸ்வெட்டரின் நுனியைத் தேடிப் பிடித்து, கெட்டியாக முறுக்கிக்கொண்டிருந்தது.